அத்தான் தட்டிய கடைசி வரி

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

சின்னச் சின்னக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. தொண்டை அறுவை சிகிச்சையில் அத்தானுக்குக் குரல் போனபோது, அக்கா கேட்டாள் என்று ஒரு பேசும் பெட்டி செய்து கொடுத்தேன். எழுத்துகளைத் தட்டினால் அது பேசும். அத்தானுக்குப் பொறுமை கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார். பெட்டி கண்டபடி உளறும். "ஒரு புள்ளி வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அக்கா வம்புக்கு இழுப்பாள்.

அவர் இறந்த இரவு, தூக்கம் கெடுகிறதென்று பெட்டியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தவள் அக்காதான். காலையில் பெட்டி தரையில் கிடந்தது. தண்ணீர் சிந்தி, உள்ளே இருந்த மின்சுற்றுப் போர்டு கருகியிருந்தது.

"கடைசியா என்னமோ தட்டியிருக்கார்டா. என்னைக் கூப்பிட்டாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

ஒன்பது மாதமாக இதே கேள்வி. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை.

பெட்டியின் நினைவகச் சில்லு பிழைத்திருந்தது. அதில் இருந்ததை நகலெடுத்து எமுலேட்டரில் ஓட்டினேன். எமுலேட்டர் என்றால், அந்தப் போர்டு போலவே கணினிக்குள் நடிக்கும் மென்பொருள். பெட்டி ஓடியது. ஆனால் அத்தான் தட்டியதெல்லாம் பூட்டிய கோப்பில் இருந்தது. அதன் சாவி ஒரு பென்டிரைவில். அவர் கேட்டார் என்று நானே போட்ட பூட்டு. பென்டிரைவைப் படிக்க, போர்டில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் என்ற பகுதி எமுலேட்டரிலும் வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் வந்தது ஒரே வரி.

'யூஎஸ்பி கன்ட்ரோலர் இல்லை.'

அன்று ஞாயிறு. அலுவலகத்தில் நான் மட்டும். கன்ட்ரோலரைத் தேடும் நினைவக முகவரியை மாற்றினேன். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். அமைப்புக் கோப்பை வரிவரியாகத் துருவினேன். தப்பு என் பக்கம்தான் என்று முட்டி மோதிக்கொண்டிருந்தேன். பிற்பகல் 3:40. பதினேழாவது முறையாக ஓட்டினேன்.

முதலில் கடிகாரம்... எமுலேட்டரில் அந்தப் பெட்டி தேதி தெரியாமல் எப்போதும் 1970 ஜனவரி ஒன்றில்தான் கண்விழிக்கும். இப்போது காட்டியது அத்தான் இறந்த தேதி. அதிகாலை 4:12.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மாறவில்லை.

'யூஎஸ்பி கன்ட்ரோலர் கிடைத்தது.'

அப்பாடா என்றிருந்தது. பென்டிரைவைச் செருகப் போனேன்...

'பென்டிரைவ் இணைக்கப்பட்டது.'

பென்டிரைவ் என் கையில் இருந்தது.

டிக்... டிக்... ஸ்பீக்கரில் யாரோ எழுத்து தட்டும் சத்தம்.

கோப்பு திறந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'கூபபிடலை.'

டிக்... டிக்...

'வலிககலை.'

டிக்...

'நீ தூஙகு.'

ஒரு மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி இல்லை.

3:44. திரை இருண்டது.

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. பிறகு அக்காவுக்கு போன் செய்தேன்.

"அத்தான் கூப்பிடலையாம்க்கா. வலிக்கலையாம். உன்னைத் தூங்கச் சொல்றார்."

"நிஜமாவாடா?" என்றாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். அன்று மாலை படுத்தவள் மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தாளாம்.

மூன்று வாரம் கழித்து, எமுலேட்டரில் கரைகண்ட ஒரு சக ஊழியரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தப் போர்டுக்கு எமுலேட்டர்ல யூஎஸ்பி கன்ட்ரோலரே இன்னும் எழுதலையே. அந்த முகவரியில ஒண்ணுமே கிடையாது. நீ பத்து வருஷம் உட்கார்ந்திருந்தாலும் கிடைச்சிருக்காது."

அதே மாதிரி நிஜப் போர்டு ஒன்று அவரிடம் இருந்தது. அத்தானின் சில்லை அதில் பற்றவைத்து, பென்டிரைவைச் செருகினோம். கோப்பு ஒழுங்காகத் திறந்தது.

நான் பார்த்த மூன்று வரிகள் அதில் இல்லை.

அதிகாலை 4:12 முதல் 4:31 வரை ஒரே ஒரு வார்த்தை. எண்ணினேன். நாற்பத்தொரு முறை.

'எழுநதிரு.'

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.