பெட்டிப் பலகைக் கட்டில்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. என் கல்யாணத்துக்குள் அதை அம்மா அப்பாவுக்காகச் சீராக்கியே தீருவதென்று பிடிவாதமாக இருந்தேன். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகையை வாங்கிக் கட்டில் அடித்தேன். சுவருக்கு மூன்று முறை சுண்ணாம்பு பூசினேன்.

கல்யாணத்தன்று மாலை அம்மா தன் பாயைக் கூடத்தில் விரித்தாள்.

“புதுசா கட்டிக்கினவங்களுக்குத்தான்டா ரூமு. நாங்க எங்க வேணா படுப்போம்.”

“உங்களுக்குத்தானேம்மா செஞ்சேன்!” என்று கத்தினேன். அம்மா அசையவில்லை.

என் மனைவி தன் டிரங்குப் பெட்டியைக் கூடத்து மூலைக்கு இழுத்தாள். “அத்தே, எங்க ஊட்ல எல்லாரும் கூடத்துலதான் படுப்போம். ரூம்ல எனக்குத் தூக்கமே வராது.”

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுவீட்டுக்கு மணவாள நகர் போனபோது, என் மனைவியின் தனி அறையை மாமியார் பெருமையாகக் காட்டினார். கட்டிலை அடித்தது நான். அதில் அம்மா அப்பாவைப் படுக்க வைத்தது அவள்தான்.