சிரிப்பக்காவின் காது

நெசவு மில்லில் அவளுக்கு வைத்த பெயர் சிரிப்பக்கா. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பாள். தங்கமான குணம் என்று எல்லாரும் மெச்சினார்கள். காது கேட்காததை மறைக்கத்தான் அந்தச் சிரிப்பு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இருபத்தாறு வருடம் தறிக்கூடத்தில் நின்றவள். நூறு தறி ஒன்றாக அடிக்கும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். மாமியார் வம்பிலிருந்து மேஸ்திரியின் புது மீசைவரை எதையும் விட்டுவைத்ததில்லை. நாலு தறி தள்ளி நின்றாலும் உதட்டைப் பார்த்தே ஒன்று விடாமல் பிடித்துவிடுவாள் சிரிப்பக்கா. அதில் அவளை அடிக்க ஆளே கிடையாது. அவ்வளவு கெட்டிக்காரிக்கும், தறிச் சத்தம் தன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது தாமதமாகத்தான் தெரிந்தது.

வீட்டில்தான் பாடு. மில்லில் முகத்துக்கு நேராகப் பேசுவார்கள். வீட்டிலோ அடுப்பைப் பார்த்துக்கொண்டும் பல் துலக்கிக்கொண்டும் பேசுவார்கள். நாள் முழுக்க வாய்களைத் துரத்தியதில் சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறிக்கும். விருந்தாளி வந்தால் சமையலறையே கதி. திமிர் பிடித்தவள் என்றார்கள் சிலர். செவிடி என்பதற்கு அது தேவலை என்று விட்டுவிட்டாள்.

ஆனால் நாத்தனார் பேச்சை நிறுத்தியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூடப்பிறந்தவள் மாதிரி ஒட்டிக்கொண்டவர். போன வருடம் ஒரு விசேஷ வீட்டில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தபோது, அவள் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். காதுக்குள் சொன்னால் உதடு எங்கே தெரியும்? இவள் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினாள். நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. அன்றோடு சரி, வீட்டுப் பக்கமே வரவில்லை. இவளாகத் தேடிப் போனாலும் முகம் கொடுக்கவில்லை. அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்கவும் வழியில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிறகு ஒரு நாள், நாத்தனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

நாத்தனாரின் கழுத்தில் குழாய் இருந்தது. குரல் வரவில்லை, எழுதக் கை நடுங்கியது. வாயை அசைத்து அசைத்து அழுதுகொண்டிருந்தார். மகன் திண்டாடினான்.

“என்னம்மா, தண்ணியா? வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடவா?”

சிரிப்பக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாள்.

“ஃபேனை நிறுத்துப்பா. குளுருதாம். காலையில இருந்து சொல்றாங்களாம், மரமண்டை.”

“என்னையா அத்தை?”

“நான் சொல்லலப்பா. உங்கம்மா சொல்றாங்க.”

நாத்தனாரின் கண்கள் விரிந்தன. ‘உனக்கு எப்படித் தெரியுது?’ என்று உதடுகள் கேட்டன.

மகனும் அப்போதுதான் உள்ளே வந்த நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து மழுப்பியிருக்கலாம், அவளுக்குத் தெரியாத வித்தையா! அவள் மழுப்பவில்லை.

“எனக்குக் காது கேக்காது அண்ணி. ரொம்ப வருஷமாச்சு. வாயைப் பார்த்துத்தான் காலத்தை ஓட்டுறேன். அன்னிக்கு நீங்க காதுல சொன்னது ஒரு எழுத்துகூட விழல. அதான் சிரிச்சேன்.”

இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்ததை நாலு பேர் எதிரில் போட்டு உடைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாத்தனார் அவள் கையைப் பிடித்து அருகில் இழுத்து, அன்று காதில் சொன்னதை இப்போது முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி வாயசைத்தார்.

‘தொண்டையில ஏதோ கட்டி இருக்குடி. பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்.’

சிரிப்பக்கா இந்த முறை சிரிக்கவில்லை. அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வருடம் தாமதமாக, ஓவென்று அழுதாள்.