புளி விற்கிறவருக்கு ஒரு தராசு

1. திறப்பு விழா

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டின் மேல் எலக்ட்ரானிக் தராசு ஷோரூம் ஒன்று ஏசியோடு திறக்கப்பட்ட கார்த்திகை மாத வெள்ளிக்கிழமையன்று, எங்கள் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஷோரூமுக்கு வழி கேட்டார். இன்னொருவர் ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். மூன்றாமவர் ஷோரூம் முதலாளியே. கையில் இனிப்புப் பெட்டி.

நான் அப்போது அந்தக் கடையில் மெக்கானிக். தராசு விற்பது, பழுது பார்ப்பது, வருடம் ஒருமுறை அரசு ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்கித் தருவது, இவைதான் எங்கள் தொழில். எந்தத் தராசுக்கு எந்த நாளில் முத்திரை, எந்த நாளில் என்ன கோளாறு என்று எல்லாவற்றையும் டைரியில் எழுதுவேன். முதலாளி கலியபெருமாள் என்னை 'டைரி' என்றுதான் கூப்பிடுவார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

ஷோரூம்காரர் இனிப்பை நீட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, எதுக்கு இந்த வயசுல போட்டி? சித்திரை ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க. கடையை எங்க பேர்ல மாத்திக்கலாம். சர்வீஸ் பாயிண்ட்னு போர்டு. நீங்க உக்காந்துக்கிட்டாப் போதும்."

"மெக்கானிக்கு?" என்று முதலாளி என்னைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்க மெக்கானிக் சேலத்துலேருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு. தனியா ஒருத்தர் எதுக்கு?"

கடைக்குப் பெயர் போகும், எனக்கு வேலை போகும். இதைச் சொல்லிவிட்டு இனிப்பில் எனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். நல்ல நெய்.

2. முதலாளி தொழில்முனைவர் ஆகிறார்

மார்கழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில் செய்வோருக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதலாளி போய்விட்டு ஒரு ஃபைல், ஒரு பேனா, ஒரு கேள்வி ஆகியவற்றோடு திரும்பினார்.

"டைரி, நம்மகிட்ட இருக்குற, அடுத்தவன்கிட்ட இல்லாத ஒண்ணு இன்னாய்யா?"

நன்றாக யோசித்து, "எலி" என்றேன்.

"வெளையாடாதய்யா. அத்தக் கண்டுபுடிச்சிட்டா ஷோரூம் காலின்னு அந்த சார் சொன்னாரு. கோட்டு போட்ட ஆளு. சும்மா சொல்வாரா?"

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படி தருகிறேன். முதலில் கடைக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கப்பட்டது, வாஸ்து. பிறகு பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து கூடியது, எண்கணிதம். வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் வாட்ஸ்அப்பில் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் போனது. அனுப்பிய முதல் வாரத்திலேயே ஏழு பேர் எங்கள் எண்ணைத் தடை செய்தார்கள். கடைசியாக ஆறடி ஃபிளெக்ஸ் வைத்தோம். ஷோரூம்காரர் பன்னிரண்டடியில் வைத்தார். முதலாளி இருபதடிக்கு ஆர்டர் கொடுக்கப் போனபோது, அந்த அளவுக்கு எங்கள் கடையில் சுவர் இல்லை என்று நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

தை முடிவதற்குள் சின்னசேலம், தியாகதுருகம் மளிகைக் கடைகளில் பாதி ஷோரூமுக்குப் போய்விட்டன. எங்களிடம் மிஞ்சியவை கள்ளக்குறிச்சியின் புளி மண்டிகள் மட்டுமே. ஷோரூமைவிட எங்கள் கடை மண்டிகளுக்கு நூறு அடி பக்கத்தில் இருந்தது. அந்த விசுவாசத்துக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

3. எடை மட்டும் பார்க்க வந்தவர்

மாசியில் புளி இறங்கத் தொடங்கியது. கல்வராயன் மலையிலிருந்து உலுக்கி, ஓடு தட்டி, மூட்டை கட்டி, வெள்ளிமலை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ராமாயி என்ற மலைக்காரப் பெண் மூட்டையைக் கடை வாசலில் இறக்கினார்.

"அண்ணா, இத்த ஒருவாட்டி நிறுத்துப் பாத்துக்கட்டுமா?"

"வாங்கறியா, விக்கறியா?" என்றார் முதலாளி.

"ரெண்டும் இல்லீங்க. பாக்கறேன்."

விற்பனைக்கு வைத்திருந்த பிளாட்ஃபார்ம் தராசில் வைத்தோம். ஐம்பத்தொரு கிலோ முந்நூறு கிராம். ராமாயி அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு மண்டிக்குப் போனார். அரை மணியில் வெறும் சாக்கோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"அங்க நாப்பத்தொம்போதுங்குறாரு. ஏன்னு கேட்டா சாக்குக் கழிவாம். ரெண்டு கிலோவுக்கு மேலயா இருக்கும் வெறும் சாக்கு? அத்த நானே தோள்ல போட்டுகினு வந்தனே, எனக்குத் தெரியாதா?"

வெறும் சாக்கை வாங்கி நிறுத்தேன். தொள்ளாயிரம் கிராம்.

அடுத்த திங்கட்கிழமை ராமாயியோடு நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினோரு மூட்டைகள் வாசலை அடைத்தன. முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், இது இன்னா ரேஷன் கடையா? ஒரு பொருள் விக்கல, ஊரு மூட்டைய எல்லாம் நிறுத்துகினு இருக்க?"

"ஒரு தராசை இவங்களுக்கே வித்துடலாம் மொதலாளி."

"புளி விக்கிறவங்களுக்கு எதுக்குய்யா தராசு? வாங்கறவன்தான தராசு வெச்சிருப்பான்!"

அன்று மாலை டைரியைப் புரட்டிப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் நாங்கள் விற்ற, பழுது பார்த்த, முத்திரை வாங்கித் தந்த தராசுகளில் ஒன்றுகூட மூட்டையைக் கொண்டுவருகிறவரிடம் இல்லை. எல்லாமே மூட்டையை வாங்குகிறவரிடம்தான். மலையில் ஊருக்கு ஊர் புளிய மரம் உண்டு. தராசு மட்டும் இல்லை. கோட்டு போட்ட சார் இதைச் சொல்லாததற்குக் காரணம் எளிது. அவர் புளி விற்றதில்லை. நான் இத்தனை வருடம் கவனிக்காததற்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

4. மலை மாடல்

ராமாயியின் மகளிர் குழு சேர்ந்து ஒரு தராசு வாங்கியது. முத்திரையோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் நானே வைத்துக் கொடுத்தேன். ஆறாம் நாள் அது செத்துப்போனது.

காரணம் விசாரித்தேன். புளி நிறுத்தார்கள். பிறகு பலாப்பழம், ஆடு, பிள்ளைகள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்ட தாய்மார்கள். கடைசியில் இரண்டு மைத்துனர்கள் யார் கனம் என்று பந்தயம் வைத்து ஒரே சமயத்தில் குதித்து ஏறியிருக்கிறார்கள். தட்டுக்கு அடியில் எடையை உணரும் லோட்செல் வளைந்துவிட்டது.

"யாரு ஜெயிச்சாங்க?" என்றேன்.

"எங்கண்ணா, அது அதுக்கு முன்னாடியே அணைஞ்சு போச்சே!" என்றார் ராமாயி.

லோட்செல்லை மாற்றினேன். தட்டுக்குக் கீழே நான்கு மூலையிலும் தடுப்பு போல்ட் வைத்தேன். அளவுக்கு மேல் பாரம் ஏறினால் தட்டு போல்ட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், லோட்செல் பிழைக்கும். மின்சாரம் போனாலும் ஓடுவதற்குப் பெரிய பேட்டரி. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு இருபது கிலோ எடைக்கற்களோடு மேலே வந்து சோதித்துத் தருவதாகவும் வாய்விட்டுவிட்டேன். வெள்ளிமலை பஸ் கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட்டும், இரும்புக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். வளைவுகளில் இரும்பு என் காலை நோக்கி வந்ததற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பங்குனிக்குள் ஆறு ஊர்கள் தராசு வாங்கின. முதலாளி அதற்கு 'மலை மாடல்' என்று பெயர் வைத்து, தானே கண்டுபிடித்ததாக மண்டித் தெருவில் சொல்லிக்கொண்டு போனார். சொல்லக் கூடாத ஒரே தெரு அதுதான்.

5. காற்று தின்ற இரண்டு கிலோ

மறுநாளே மண்டிக்காரர்கள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். பேசியவர் தனபால். தெருவிலேயே பெரிய மண்டி அவருடையது.

"இன்னா கலியபெருமாளு, எங்க சோத்துல மண்ணு போட்டுகினு எங்களுக்கே சர்வீஸ் பண்றியா? மேல குடுத்த தராசெல்லாம் திருப்பி வாங்கு. இல்லேன்னா எங்க தராசு அம்புட்டும் ஷோரூமுக்கு."

முதலாளிக்கு வியர்த்தது. "அண்ணே, அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்கறதுக்கு இன்னா இருக்கு? மலை மேல தராசே சரியாக் காட்டாது. ஒசரம். காத்து கம்மி. படிச்சவன்தான இந்த டைரி, கேளு."

என்னைப் படித்தவன் என்று ஒருவர் பொது இடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. எனவே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஒசரத்துல தராசு கொஞ்சம் மாத்திக் காட்டும்."

முதலாளி என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். தனபால் மற்ற மூவரையும் வெற்றியோடு பார்த்தார்.

"ஆனா அது காத்தால இல்லீங்க. மேல போகப் போக பூமி இழுக்கறது கம்மியாவும். அதனால கம்மியாத்தான் காட்டும். அம்பது கிலோ மூட்டைக்குப் பதினஞ்சு கிராமுக்கு மேல போவாது. போன ஞாயித்துக்கிழமை நாப்பது கிலோ எடைக்கல்லை வெள்ளிமலைல வெச்சேன். முப்பத்தொம்போது தொள்ளாயிரத்து தொண்ணூறு காட்டுச்சு. டைரில இருக்கு. அப்பிடிப் பாத்தா மேல அம்பது காட்டுன மூட்டை உங்க மண்டில அம்பதுக்கு ஒரு துளி ஜாஸ்தியாத்தான் காட்டணும். அந்தப் பத்துப் பதினஞ்சு கிராமை நீங்கதான் அவங்களுக்குத் தரணும்."

அறிவியல் உரை முடிந்ததும் நால்வரும் எழுந்து போய்விட்டார்கள். மண்டித் தராசுகள் அன்று மாலையே ஷோரூமின் கைக்குப் போயின. "மலை மக்களுக்காக நான் அன்னைக்கே துணிஞ்சிட்டேன்" என்று முதலாளி இப்போது மேடைகளில் சொல்கிறார். அவர் யோசித்துச் சொல்வதற்குள் அவர்கள் போய்விட்டார்கள் என்பதே என் டைரிக் குறிப்பு. நான்காம் நாள், "உனுக்கு யாருய்யா பூமி இழுக்கறதப் பத்திக் கேட்டா?" என்றார். தனபால் கேட்டார் என்பதை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ராமாயியும் ஏழு பேரும் தனபால் மண்டியில் மூட்டைகளை இறக்கினார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மலையில் நிறுத்த சீட்டு. ராமாயியின் சீட்டில் ஐம்பது கிலோ. அதுவும் சாக்கைக் கழித்த பிறகு. தனபால் தராசில் நாற்பத்தெட்டு. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். கடையில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

"ரெண்டு கிலோ எங்க போச்சு மொதலாளி?" என்றார் ராமாயி.

"அதான், மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து."

"காத்து ரெண்டு கிலோ புளியத் தின்னுச்சா? அவ்ளோ புளிப்ப எப்பிடிங்க தின்னுச்சு? இந்நேரம் அதுக்குப் பல்லு கூசிப் போயிருக்குமே!"

மண்டியில் சுமை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ராமாயி மூட்டையைத் தூக்கச் சொல்லி எதிரே இருந்த சின்ன மண்டிக்கு நடந்தார். அதன் முதலாளி மகேந்திரன், அன்று தனபாலோடு வந்து வாயே திறக்காமல் போனவர். இந்தக் கூத்தைத் தன் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். ராமாயி தெருவைக் கடப்பதற்குள் தன் தராசில் ஒரு பட்டனை அழுத்தியதை நான் பார்த்தேன். சாக்குக்காக முன்கூட்டியே கழித்து வைத்திருந்த கணக்கு போய், திரையில் பூஜ்யம் வந்தது. மூட்டையை வைத்தார்கள். சாக்கின் எடையைச் சீட்டில் உள்ளபடியே கழித்தார். ஐம்பது கிலோ பத்து கிராம்.

"பத்து கிராம் ஜாஸ்திங்க," என்றார் மகேந்திரன் பணிவாக. மற்ற ஏழு பேரும் தெருவைக் கடந்தார்கள்.

அந்தப் பங்குனியில் மலைப் புளியில் பெரும்பகுதி மகேந்திரன் மண்டிக்குத்தான் போனது. நேர்மையால் வியாபாரம் பெருகும் என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். பட்டன் பற்றிச் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டே வாரத்தில் தனபால் உட்பட எல்லா மண்டிகளும் எங்களிடம் திரும்பின. "மலைத் தராசு எப்பிடிக் காட்டுதோ, அப்பிடியே காட்டணும்" என்பது அவர்கள் உத்தரவு. எந்தத் தராசிலும் கோளாறு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, டைரியில் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதினேன்.

6. சித்திரை ஒன்று

ஷோரூம்காரர் சொன்ன நாளில் வந்தார். இந்தத் தடவை இனிப்போடு ஒப்பந்தத் தாளும் இருந்தது. கடையில் ராமாயி இருந்தார். காணாமல் போன தடுப்பு போல்ட் ஒன்றுக்காக வந்திருந்தார். ஷோரூம்காரர் அவரிடமும் வியாபாரம் பேசினார்.

"அம்மா, நம்ம ஷோரூமுக்கு வாங்க. இதே தராசு, இதைவிடக் கம்மி விலைல தர்றோம்."

"கெட்டுப்போனா மேல வருவீங்களா?"

"நீங்க எடுத்துட்டு வாங்கம்மா. சனிக்கிழமை மெக்கானிக் இருப்பாரு."

"அத்தத் தூக்கிகினு நாங்க கீழ வர்றதுக்கு எங்களுக்கு எதுக்குங்க தராசு?" என்று சொல்லிவிட்டு ராமாயி போல்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

முதலாளி ஒப்பந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு அதை மடித்து ஷோரூம்காரரிடமே கொடுத்தார். "எங்க மெக்கானிக் ஞாயித்துக்கிழமை மேல போறாருங்க. நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ண வேண்டிய விஷயம்," என்றார். என்னைக் கேட்காமலேயே.

பல வருடம் கழித்து, இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் சிலர், ஷோரூமை எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஷோரூமும் வைகாசியிலேயே மலை மாடல் போட்டது; போல்ட், பேட்டரி எல்லாம் அப்படியே. எங்கள் கண்டுபிடிப்பின் ஆயுள் மூன்று மாதம். அவர்களால் காப்பி அடிக்க முடியாமல் போனது, நாற்பது கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுவதைத்தான். அடுத்தவன் செய்ய விரும்பாத வேலை எது என்று பாருங்கள், அங்கேதான் இடம் காலியாக இருக்கும். இதைப் புத்தகங்களில் போட்டி அனுகூலம் என்று எழுதியிருக்கிறார்கள். என் எலும்பு டாக்டர் வேறு பெயர் எழுதினார். எக்ஸ்ரேயில் இடுப்புப் பகுதியின் மூன்றாவது, நான்காவது முதுகெலும்புகளுக்கு நடுவில் அது தெளிவாகத் தெரிகிறது.