வெந்நீர்க் கிணற்றடியில் குளிக்காதவர்

இடுப்பை வளைக்கவிடாத நாரிப்பிடிப்புக்கு நல்லதென்று வாழைச்சேனையிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு வான் பிடித்து, மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வருவோம். ஒவ்வொரு முறையும் அதே சாரதிதான். ஒடிசலான மனிதர். யன்னலோரம் வெயில் பட்டுப் பட்டு அவருடைய வலது கை மட்டும் தனியாகக் கறுத்திருக்கும்.

நாங்கள் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொள்வோம். அவரோ ஒரு வாளி வெந்நீரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை விறாந்தைக்குத் தூக்கிப்போய், கதிரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் அதற்குள் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய குளிப்பு. நாங்கள் சோறும் குளத்து மீன் குழம்புமாக வெட்டும்போது அவருக்கு முன்னால் ஒரு பிளேன்டீ மட்டும் இருக்கும்.

போன தடவை கேட்டுவிட்டேன்.

"அண்ணன், இவ்வளவு தூரம் வந்தும் நீங்க ஒருநாளும் குளிக்கல்லயே?"

"குளிச்சா உடம்பு விட்டுப்போகும் தம்பி. அதுக்கு மேல சோத்தையும் திண்டா நித்திர வந்திரும். உங்களையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கணுமே."

"நாங்க காத்திருக்கிறம். குளிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் படுங்க."

அவர் தண்ணீருக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்தார்.

"கொஞ்ச நேரத்தில எழும்புற களைப்பில்ல இது. வான வித்துப்போட்டு ஒருநாளைக்கு வந்து அவசரமில்லாம ஆறுதலாக் குளிப்பம்."

திரும்பி வரும்போது வானுக்குள் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். வானை விற்ற பிறகு இவரை இங்கே யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் நானும் உறங்கிப்போனேன்.