நெவில் ட்ரெஸைஸின் ராக்கெட்

கடீனா என்ற ஊருக்குப் பக்கத்தில், கோதுமை விளையும் சிற்றூர்ப் பள்ளியில் விண்வெளிப் பாடம் நடத்திய நெவில் ட்ரெஸைஸுக்கு ராக்கெட் என்றால் உயிர். பிள்ளைகள் அதைத் தொட்டால் அந்த உயிர் போய்விடும். 'கையால் செய்து கற்போம்' என்று வகுப்பு வாசலில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் அவர் கைதான். நூலில் பலூனை ஓடவிடுவது அவர், தண்ணீர் பாட்டிலுக்குக் காற்றடித்து வானத்துக்கு அனுப்புவதும் அவர். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "விசைக்குச் சமமான எதிர்விசை உண்டு" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டும். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள், இது வெறுங்குடம்.

அந்த வருஷம் தலைமையாசிரியர் நாற்காலி காலியானது. கல்வித்துறையிலிருந்து லினெட் ஹார்ட்னெல் என்ற அம்மாள் அவர் வகுப்பைப் பார்க்க வந்தாள். அவளுக்குப் பிடித்தால் நாற்காலி நெவிலுக்கு. அதில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தார்.

தொப்பியில்லாத பிள்ளை வெயிலில் விளையாடக் கூடாது, நிழற்கூரைக்கடியில்தான் உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். அதில் நெவில் போலீஸைவிட மோசம். "விளிம்பில்லாதது தொப்பியே இல்ல!" என்று கிரிக்கெட் தொப்பியோடு வந்த டெஸ்ஸாவைக் கோடை முழுக்க நிழலில் உட்கார வைத்தவர்.

அந்த அம்மாள் வந்த அன்றைக்கோ, புகைப்படம் நன்றாக விழ வேண்டுமென்று, தொப்பிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். ஐஸ்கிரீம் வாளியில் வெள்ளித்தாள் ஒட்டி, ஆளுக்கொரு விண்வெளிக் கவசம். அவர் தலையிலும் ஒன்று.

மைதானத்தின் ஓரத்தில் டெஸ்ஸா நின்றுவிட்டாள். "சார், இதுக்கு விளிம்பு இல்லயே."

"இன்னைக்கு ஒருநாள் பரவாயில்லம்மா, வா."

"விளிம்பில்லாதது தொப்பியே இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

மொத்த வகுப்பும் சத்தமில்லாமல் திரும்பி நிழலில் போய் உட்கார்ந்தது. நெவில் பல்லைக் கடித்தார். சட்டத்தை மீறச் சொல்லலாமென்றால், அந்த அம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாளே!

"அதனாலென்ன? நிழல்லயே செய்யட்டும்," என்ற லினெட், டெஸ்ஸாவிடம் ஒரு பலூனையும் நூலையும் நீட்டினாள். "எங்கே, நீங்க எப்பவும் செய்யற மாதிரி செஞ்சு காட்டுங்க பாப்போம்."

டெஸ்ஸா பலூனை வாங்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக, வெகு ஒழுங்காக, கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"நாங்க இப்படித்தான் மிஸ் செய்வோம்," என்றாள் டெஸ்ஸா. "மீதியெல்லாம் சார் செய்வாரு."

லினெட் பலூனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாற்காலி கைநழுவிப் போனது நெவிலுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளி வாளியைக் கவிழ்த்த தலையோடு, பாட்டிலுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பிடித்தபடி நடு வெயிலில் நின்றார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து இரக்கப்பட ஒருத்திதான் இருந்தாள்.

"சார்," டெஸ்ஸா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். "உங்களுக்கும் தொப்பி இல்ல. நிழலுக்கு வாங்க."

அவர் வந்து உட்கார்ந்தார்.