பொட்டு வைத்த ஹொக்கி அட்டை

பத்து வயதில் நான் யார் சொல்லையும் கேட்பதில்லை. இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். சுவிஸில், வில் நகரில் எங்கள் தொடர்மாடியில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் பரதநாட்டியத்துக்கும் மிருதங்கத்துக்கும் போக, நான் ஐஸ் ஹொக்கிக்குப் போனேன். அதுவும் கோல் அடித்துக் கைதட்டு வாங்குகிற இடத்தில் இல்லை. பின்னால் நின்று, வருகிறவர்களை மறிக்கிற இடத்தில்.

அம்மாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. "பல்லுப் போனா ஆர் உன்னைக் கட்டுறது? இந்த வருசத்தோடை நிப்பாட்டு" என்று ஒவ்வொரு புதன்கிழமையும் சொல்வார். நான் ஓம் என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி வேலைநேரம்; வீட்டிலிருந்த ஒரே காரும் அவரோடு போய்விடும். பயிற்சிக்கு என்னை ஏற்றிப் போனவர், என்னோடு விளையாடிய நோராவின் அப்பா. அவர் கார் வராவிட்டால் எனக்கு ஹொக்கி இல்லை.

அவரிடம் ஒரு அட்டை இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பியது. உள்ளங்கை அளவு, விளிம்பெல்லாம் மஞ்சளாகிப் போனது. ஒருகாலத்தில் கனடாவையே கலக்கிய தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதில் முழங்காலை மடித்து, தடியை நீட்டி நிற்பார். அந்தக் காலத்தில் தலைக்கவசம் போடாமல்தான் விளையாடினார்களாம். அகலமான நெற்றி முழுவதும் தெரியும். அந்த நெற்றிதான் பிறகு வினையாகப் போனது.

பின்பக்கமாகச் சறுக்கும்போது நான் விழுந்துகொண்டே இருந்தேன். அந்த மனிதர் நிற்பதுபோல நிற்கப் பழகினால் விழமாட்டேன் என்று எனக்கு ஒரு பிடிவாதமான நம்பிக்கை. ஒரு வாரத்துக்கு அட்டையைத் தர முடியுமா என்று கேட்டேன். நோராவின் அப்பா அட்டையை உறையோடு தந்தார். அடுத்த புதன் திருப்பித் தரவேண்டும், பிளாஸ்ரிக் உறையை விட்டு எடுக்கவே கூடாது என்றார். நான் சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து என் அறைக் கண்ணாடியில் அட்டையைச் சாய்த்து வைத்து, கூட்டுகிற தும்புத்தடியை நீட்டிப் பிடித்து, முழங்கால் நோக நோக நின்றேன். அம்மா கதவடிக்கு வந்து பார்ப்பார். பிறகு சமையலுக்குப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் என் புத்தகங்கள், அப்பாவின் திருகாணிச் சாவிகள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக அடுக்கியிருக்கும். அதற்கு முந்தின வருடம் நான் என் பொம்மையையும் அதில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா உடனே எடுத்துவிட்டார். "விளையாட்டுச் சாமான் இதிலை வைக்கிறேல்லை. படிக்கிறதும் தொழில் செய்யிறதும்தான்."

பள்ளியால் வந்து பார்க்கிறேன், கணக்குப் புத்தகத்தின் மேல் அந்த அட்டை. உறையில்லாமல். கனடாக்காரரின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஏனம்மா உறையிலை இருந்து எடுத்தனீங்கள்?"

"பிளாஸ்ரிக்குக்கே பொட்டு வைக்கிறது?"

"அது என்ரை இல்லை!"

"ஆற்றை எண்டாலும் வைச்சது வைச்சதுதான். நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்."

நான் கத்தினேன், அழுதேன், அவலையும் கடலையையும் தொடவில்லை. அம்மா வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அட்டை பழுதானால் நோராவின் அப்பா கோபிப்பார், கார் வராது, ஹொக்கி நிற்கும். வேறென்ன காரணம் இருக்கமுடியும்?

மறுநாள் காலை அம்மா விளக்கேற்றிவிட்டு, புத்தகங்களுக்கு முதல் அட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். நான் பறித்தேன். பஞ்சால் துடைக்கச் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வேலை முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஆள் எங்கடை ஊர்க்காரர் மாதிரி இருக்கிறார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். பொய் சொல்வதில்லை. ஹொக்கியை விடுவதுமில்லை, கார் வராவிட்டால் பஸ், பஸ் இல்லாவிட்டால் நடை. "இது என் அம்மா செய்தது, நான் இல்லை" என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், ஒரு வசனம் தயாரித்துப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன்.

மத்தியானம் கார் வந்தது. நான் இறங்க, அம்மாவும் பின்னால் இறங்கி வந்தார். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, கையில் ஒரு பெட்டி அவல். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் நெஞ்சில் கைவைத்து, தெரிந்த டொச்சில் "நான், நான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சொல்லு. இண்டைக்கு எங்களுக்குப் படிப்புத் தொடங்கிற நாள். பிள்ளை என்ன படிக்குதோ அதைச் சாமிக்கு முன்னாலை வைப்பம். அதாலைதான் இதையும் வைச்சனான். பழுதாகும் எண்டு தெரியாது, மன்னிக்கச் சொல்லு."

வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துச் சொல்கிறவள் நான்தான். ஒரு சொல்லும் விடாமல், எதையும் யோசிக்காமல் சொல்லிப் பழகிய வாய். இதையும் அப்படியே சொன்னேன்.

நோராவின் அப்பா என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. குங்குமத்தைப் பெருவிரலால் ஒருதரம் தேய்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அம்மாவைப் பார்த்தார். அட்டையை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவல் பெட்டியை வாங்கிக்கொண்டார். "ஏறு, நேரமாகுது" என்றார் என்னிடம். அன்றைக்கு நான் இரண்டு தரம்தான் விழுந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு புதன்கிழமைகூட "நிப்பாட்டு" என்று சொல்லவில்லை. என் பிடிவாதத்தால் அவரைக் களைக்கப் பண்ணி வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அதை ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்; இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அம்மா தோற்கவில்லை. என் ஹொக்கியைப் படிப்போடு சேர்த்துவைத்து, மறுநாள் புத்தகங்களுக்கு முதல் அதை என் கையில் தந்து தொடக்கியும் விட்டிருந்தார். நோராவின் அப்பாவுக்கு அது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மொழிபெயர்த்துச் சொன்னவளுக்குத்தான் விளங்கவில்லை.