கழற்றிய பிளக்கிலும் கரண்ட்

என் கணவருக்கு மின்பொறி பறக்கவிடுவதுதான் பொழுதுபோக்கு. சரவணம்பட்டிக்குக் குடிவந்த புதிதில், காந்திபுரத்தில் பழைய நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்கிவந்து, அவற்றின் ஹை வோல்டேஜ் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, செம்புக்கம்பி சுற்றிய காயிலில் ஊதாப்பொறி காட்டினார். பிளக் மட்டும் தனித்தனி.

சாப்பாடு ஆறுகிறதே என்று நான் ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். அது கை நழுவி எவர்சில்வர் தட்டில் விழ, படாரென்று தீப்பொறி!

"ஏனுங்க, கழட்டுனதுல எப்படிங்க கரண்டு?"

"இன்னொன்னு ஓடுதில்ல அம்மணி, சேர்த்த ஒயர் வழியா இந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள போயி, பிளக்குக்கும் வந்துருச்சு" என்றவர், என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அது என் பொறுப்பு. "அணைச்சுப்போட்டேனுங்க" என்று நான் சொல்லும்வரை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.